கீழ் ஸ்தாயியின் கருவிகள்

சங்கீத சரித்திரம் எழுதுகிறவர்கள் பாடகர்களின் பெயர்களையும் அவர்கள் பெற்ற விருதுகளையும் விஸ்தாரமாகச் சொல்லிவிட்டு, அவர்களுக்குப் பின்னால் அமர்ந்து தாழ்ந்த சுரத்தை விடாமல் தாங்கிக்கொண்டிருந்தவர்களையும், அவர்கள் கையிலிருந்த மரத்தையும் தோலையும் தந்தியையும் ஓரிரு வரிகளோடு நிறுத்திக்கொள்வது நெடுநாளைய வழக்கம். ராக் இசைக்குழுவிலும் இந்த நியாயம் மாறவில்லை. மேடையின் ஓரத்தில், தாளக்காரருக்குப் பக்கத்தில், நான்கு கனத்த தந்திகள் கொண்ட பேஸ் கிட்டாரைத் தோளில் மாட்டிக்கொண்டு நிற்கிறவரின் பெயர், அந்தக் குழுவின் பரம ரசிகர்களுக்கே பல சமயங்களில் தெரிவதில்லை. திருச்சிராப்பள்ளியில் கல்லூரி விழா ஒன்றில் அத்தகைய இளைஞனைக் காணும் பெரியவர்கள், அவன் கையிலிருப்பது நேற்றுக் கப்பலில் வந்த சரக்கு என்று எண்ணுவது இயல்பே. கருவி புதிதுதான், ஆனால் அது எந்தச் சங்கடத்தைத் தீர்ப்பதற்காகப் பிறந்ததோ, அந்தச் சங்கடம் காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே பல நூற்றாண்டுகளாக வாத்தியக்காரர்களை வருத்திவந்த ஒன்று. தாழ்ந்த நாதத்தை உண்டாக்குவது கஷ்டமன்று. அதைக் கூட்டத்தின் காதில் கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் கஷ்டம்.

இதற்குக் காரணம் இயற்கையிலேயே இருக்கிறது. பேஸ் கிட்டாரின் மிகக் கனத்த தந்தி விநாடிக்குச் சுமார் 41 முறை அதிர்கிறது; அந்த அதிர்வு காற்றில் ஏற்படுத்தும் ஓர் அலையின் நீளம் ஏறக்குறைய 27 அடி. இவ்வளவு நீண்ட அலையை எழுப்ப, ஒன்று கருவி பெரிதாக இருக்க வேண்டும், அல்லது அதற்கு வெளியிலிருந்து சக்தி ஊட்ட வேண்டும். மனிதனுடைய செவியோ பேச்சுக் குரலின் எல்லைக்குள் கூர்மையாகவும், அதற்கு வெகுவாகக் கீழே மந்தமாகவும் அமைந்திருக்கிறது. சாதாரணமான ஒரு நடு ஸ்தாயிச் சுரம் காதில் விழுவதற்குப் போதுமான சக்தியைப்போலப் பல்லாயிரம் மடங்கு செலவிட்டால்தான் அந்த 41 அதிர்வு காதுக்கு எட்டத் தொடங்குகிறது. ஆகையால் எந்த ஊரில் தாழ்ந்த சுரத்துக்கு மதிப்பிருந்தது என்பதை அறிய வேண்டுமானால், அவ்வூரின் கட்டடங்களையும், அங்கே கூடிய கூட்டத்தின் அளவையும், கையிலிருந்த உபகரணங்களையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

ஸ்ரீரங்கத்தில் அத்தகைய மதிப்புக்கு ஒரு பழைய உதாரணம் கிடைக்கிறது. வைகுண்ட ஏகாதசியை ஒட்டிய பகற்பத்து, இராப்பத்து உற்சவங்களில் அரையர்கள் பாசுரங்களைப் பாடி அபிநயிக்கும்போது கையில் வைத்திருப்பது கைத்தாளம். வெண்கலத்தின் கணீரென்ற அந்த உயர்ந்த ஒலி எத்தனை ஜனக்கூட்டத்தையும் துளைத்துக்கொண்டு செல்லக்கூடியது. இராப்பத்து நாள்களிலோ, நம்பெருமாள் திருமாமணி மண்டபத்திலிருந்து ஆஸ்தானத்துக்குத் திரும்பும் வேளையில் நிகழ்வது, வீணை மட்டும் தனித்து ஒலிக்கும் வீணை ஏகாந்தம். கூட்டத்தின் ஆரவாரத்துக்கு முன்னால் வீணையை வைப்பது வீண் வேலை என்பதை அந்தச் சம்பிரதாயத்தை வகுத்தவர்கள் நன்றாக உணர்ந்திருந்தார்கள் என்றே தோன்றுகிறது. கருவியின் பலவீனத்தைக் கருவியில் திருத்தாமல், காலத்தையும் இடத்தையும் அதற்கேற்ப ஒழுங்கு செய்துகொண்ட சாமர்த்தியம் அது.

வீணையின் அமைப்பையும் இங்கே சற்று ஆழ்ந்து நோக்குவது தகும். தஞ்சையை ஆண்ட ரகுநாத நாயக்கர் காலத்தில், அதாவது பதினேழாம் நூற்றாண்டின் முற்பகுதியில், 24 மெட்டுக்களோடு நிலைபெற்ற அந்த வாத்தியத்தில் தாளத்துக்கு மூன்று தந்திகளும், வாசிப்பதற்கு நான்கு தந்திகளும் உண்டு. வாசிக்கும் நான்குக்கும் சாரணி, பஞ்சமம், மந்தரம், அநுமந்தரம் என்று பெயர். சாரணியை 3 கட்டைச் சுருதியில், விநாடிக்கு 165 அதிர்வாக வைத்துக்கொண்டால், மந்தரம் 82 அளவிலும் அநுமந்தரம் 62 அளவிலும் நிற்கும். பேஸ் கிட்டாரின் நான்கு தந்திகளில் கனத்தது சாரணிக்குச் சரியாக இரண்டு ஸ்தாயி கீழே, மெல்லியது 98 அதிர்வில், அதாவது மந்தரத்துக்குச் சற்று மேலே. எனவே வைணிகருடைய கனத்த இரண்டு தந்திகளும், பேஸ் கிட்டார்க்காரரின் முழுக் களமும் ஒரே பிரதேசத்தில்தான் இருக்கின்றன. வித்தியாசம் என்னவென்றால், நம் வைணிகர் அந்தப் பிரதேசத்துக்கு ராக ஆலாபனையில் எப்போதாவது இறங்கிவருவார். மற்றவருக்கு அதுவே ஆயுள் முழுவதும் குடியிருப்பு.

தந்தியில் நிகழ்ந்ததைவிடத் தோலில் நிகழ்ந்தது சுவாரசியமானது. மிருதங்கத்துக்கு இடப்புறத்தில் அமைந்த தொப்பி என்னும் பெரிய முகத்தில், கச்சேரிக்குச் சற்று முன்பு ரவையைத் தண்ணீரில் பிசைந்து அப்புவார்கள். அந்தக் கனம் தோலின் அதிர்வைத் தாழ்த்தி, வலந்தலையின் சுருதிக்கு ஒரு ஸ்தாயி கீழே கொண்டுவருகிறது. கச்சேரி முடிந்ததும் அதைச் சுரண்டி எடுத்துவிடுவார்கள். பலா மரத்தைக் குடைந்து செய்த அந்த உடலுக்குள் அடைபட்ட காற்றும், ஈர ரவையும், மணிக்கட்டின் அழுத்தமும் சேர்ந்து எழுப்பும் கும்கி என்ற நெளிவு, ஒரு சுரத்திலிருந்து மற்றொன்றுக்கு வழுக்கிச் செல்லும்போது, பேஸ் கிட்டாரில் மெட்டுக்களில்லாத வகையை வாசிக்கிறவர்கள் எதற்காகத் தவம் கிடக்கிறார்களோ அதையே செய்துகாட்டுகிறது. இந்தத் தொப்பியின் வித்தையில் பெரும் புகழ் பெற்றது திருச்சிக்குத் தெற்கே உள்ள புதுக்கோட்டைப் பரம்பரை. கஞ்சிராவைக் கச்சேரி வாத்தியமாக உயர்த்திய மான்பூண்டியா பிள்ளை (1859–1922) அதன் மூலபுருஷர். பழனி முத்தையா பிள்ளையின் குமாரரும் இடக்கை வாத்தியக்காரருமான பழனி சுப்பிரமணிய பிள்ளை (1908–1962) அதன் சிகரம் என்று சொல்வதில் எனக்குத் தயக்கமில்லை. மிருதங்கத்தை வேகத்துக்காக ரசிக்கிறவர்கள் பலர். பழனியாருடைய தொப்பியைக் கேட்டவர்கள் நிதானத்துக்காக ரசிக்கப் பழகிக்கொண்டார்கள்.

கஞ்சிராவின் கதை இன்னும் விசித்திரம். ஒரு சாண் அகலமே உள்ள பலா மர வளையம், ஒருபுறம் மட்டும் உடும்புத் தோல், பக்கத்தில் ஒரே ஒரு சலங்கை: இவ்வளவு சிறிய சாதனத்திலிருந்து அவ்வளவு ஆழ்ந்த ஒலி வருவதற்குக் காரணம், தோலின் உட்புறத்தில் தெளிக்கும் சில துளித் தண்ணீர். பெரிய உடலால் சாதிக்க வேண்டியதை ஈரத்தால் சாதித்த உபாயம் அது. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் உடும்பைக் காப்பாற்ற முன்வந்த பிறகு, கலைஞர்கள் ஆட்டுத் தோலுக்கும் செயற்கைத் தோலுக்கும் மாற வேண்டியதாயிற்று. உடும்புக்கு அது நியாயம், கஞ்சிராவுக்கு அது நஷ்டம்.

பழனியாரின் சீடரும், திருச்சியை அடுத்த பூவாளூரில் 1942-இல் பிறந்தவருமான திருச்சி சங்கரன், 1971-இல் கனடாவுக்குச் சென்று டொரன்டோ நகரின் யார்க் பல்கலைக்கழகத்தில் போதனாசிரியராக அமர்ந்தார். மேல்நாட்டு இசைக் கலைஞர்கள் பலர் தொப்பியின் பாடத்தைப் பயின்றது அவ்விதமே. பேஸ் கிட்டார் திருச்சிக்கு வந்துகொண்டிருந்த அதே காலத்தில் திருச்சியின் தாழ்ந்த நாதம் எதிர்த் திசையில் கப்பலேறியது என்று சொன்னால் அது மிகையாகாது.

இனி வீதிக்கு வருவோம். கோயில் வாத்தியம் என்றால் நாகஸ்வரம். ஸ்ரீரங்கத்தின் சித்திரை வீதிகளிலும் உத்திர வீதிகளிலும் சுவாமி புறப்பாட்டுக்கு முன்னால் வாசிப்பதற்கு உகந்தது திமிரி எனப்படும் குட்டையான, உயர்ந்த சுருதியுள்ள வகை. திறந்த வெளியில் தாழ்ந்த ஒலி கரைந்துபோய்விடும் என்பதை அந்த விதுவான்கள் சாஸ்திரம் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. தேய்ந்த பாதங்களைக் கொண்டு தெரிந்துகொண்டார்கள். நீளமான, தாழ்ந்த சுருதியுள்ள பாரி நாகஸ்வரத்தைப் பிரசித்தப்படுத்தியவர் திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை (1898–1956). அதைச் செய்து கொடுத்தவர்கள் நரசிங்கம்பேட்டை ஆசாரிகள். ஒரு வாத்தியக்காரர் புதிதாகச் சிந்திக்கும்போது பக்கத்தில் ஒரு தச்சர் இருந்தாக வேண்டும் என்பதற்கு இது நல்ல சான்று. ஆந்திர தேசத்தில் 1924-இல் பிறந்து, ராஜரத்தினத்தின் வாசிப்பில் மனத்தைப் பறிகொடுத்து, பின்னர் ஸ்ரீரங்கத்திலேயே நிலையாகக் குடியேறிய ஷேக் சின்ன மௌலானா, அந்தக் கம்பீரமான கீழ் ஸ்தாயியை அரங்கன் சந்நிதியிலும் வாசித்தார், சீடர்களுக்கும் கற்பித்தார். 1998-இல் சங்கீத கலாநிதி பட்டம் பெற்று, அடுத்த ஆண்டே அவர் காலமானார்.

வாத்தியங்கள் இப்படியிருக்க, குரலின் கதி என்ன? ஒலிபெருக்கி இல்லாத நாளில் நாடகக் கொட்டகையின் கடைசி வரிசையில் இருந்தவன் கொடுத்த காசுக்குப் பாட்டு கேட்க வேண்டுமானால், பாடுகிறவர் நாலரைக் கட்டை, ஐந்து கட்டை என்று தொண்டையை உச்சத்துக்கு ஏற்றிக்கொண்டுதான் ஆகவேண்டும். தென்னிந்திய ரயில்வேயில் உத்தியோகம் பார்த்த எப். ஜி. நடேச ஐயர், 1914-இல் திருச்சியில் ரசிக ரஞ்சன சபையை நிறுவினார். அவர் ஹரிச்சந்திர நாடகத்தில் லோகிதாசனாக மேடையேற்றிய சிறுவன்தான் பிற்காலத்தில் எம். கே. தியாகராஜ பாகவதர் என்று நாடு முழுவதும் கொண்டாடப்பட்டவர். பாகவதருடைய சாரீரம் அந்த உச்ச ஸ்தாயி யுகத்தின் செல்வப் பிள்ளை. அவர் காலத்திலேயே ஒலிவாங்கி வந்துவிட்டது. பம்பாயின் சிகாகோ ரேடியோ நிறுவனத்தார் காங்கிரஸ் கூட்டங்களுக்கெல்லாம் ஒலிபெருக்கி கட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அரசியல் தலைவர்களுக்குத் தொண்டை மிச்சமானது போலவே, பாடகர்களுக்கும் சுருதியைத் தாழ்த்திக்கொள்ள அநுமதி கிடைத்தது. எம். டி. ராமநாதன் ஒரு கட்டைக்கும் கீழே இறங்கி, அசைந்து அசைந்து பாடியதைத் தமிழ்நாடு பொறுமையாகக் கேட்டது என்றால், அந்தப் புண்ணியத்தில் ஒலிவாங்கிக்கும் பங்குண்டு.

திருச்சியில் 1939-ஆம் ஆண்டு மே 16-ஆம் தேதி வானொலி நிலையம் தொடங்கியது இந்த வரலாற்றில் ஒரு திருப்பம். சென்னை நிலையம் தோன்றி ஓராண்டுகூட நிறைவதற்குள் காவிரிக் கரைக்குக் கிடைத்த பாக்கியம் அது. 1947-இல் தேசம் விடுதலை பெற்றபோது இந்தியாவின் பங்குக்கு வந்த ஆறே நிலையங்களில் திருச்சியும் ஒன்று. டில்லி, பம்பாய், கல்கத்தா, சென்னை, லக்னோ ஆகிய ராஜதானிகளுக்கிடையே இந்தப் பெயர் இடம்பெற்றது கொஞ்சம் வியப்புத்தான். மூடிய கூடத்தில், ஒலிவாங்கிக்கு இரண்டடி தூரத்தில் வைத்த தம்புராவின் மந்தர ஷட்ஜம், பல மைல்களுக்கு அப்பாலிருந்த வீட்டுக் கூடத்தில் பெரிய மரப்பெட்டி வானொலியின் வழியாக ரீங்காரித்ததை, சபையில் கடைசி வரிசையில் உட்கார்ந்தவர்கள் அதற்கு முன்னால் அநுபவித்திருக்க மாட்டார்கள். வானொலி 1940-இல் ஆர்மோனியத்தை விலக்கியதும் தம்புராவுக்கு மறைமுகமான லாபமாக முடிந்தது. அதே தம்புராவை, பிற்காலத்தில் மின்னணுச் சுருதிப்பெட்டி வந்து மேடையிலிருந்து கீழே இறக்கிவிட்டது. கையகலமுள்ள அதன் ஒலிபெருக்கியில் மந்தரத்தின் அடிநாதம் ஒருபோதும் முழுமையாக எழுவதில்லை என்பதை வாங்குகிறவர்கள் பொருட்படுத்தவில்லை.

நடேச ஐயருக்குச் சம்பளம் கொடுத்த ரயில்வேதான் திருச்சிக்கு மேல்நாட்டுத் தாழ்ந்த ஒலியையும் கொண்டுவந்தது. நாகப்பட்டினத்திலிருந்த ரயில் தொழிற்சாலை 1920-களின் இறுதியில் பொன்மலைக்கு மாற்றப்பட்டபோது, அதனோடு ஆங்கிலோ-இந்தியக் குடும்பங்களும், அவர்களுடைய தேவாலயப் பாடல்களும், ரயில்வே இன்ஸ்டிட்யூட் மண்டபமும், அங்கே நடக்கும் நடனங்களும் வந்து சேர்ந்தன. வால்ட்ஸுக்கும் பாக்ஸ்டிராட்டுக்கும் வாசிக்கிற குழுக்களில் ஆளுயரத்துக்கு நிற்கும் டபிள் பேஸ் ஒரு முக்கியமான அங்கம். ஆனால் கொம்பு வாத்தியங்களும் டிரம்மும் முழங்கும்போது, விரலால் சுண்டப்படும் அந்தப் பிரம்மாண்டமான பெட்டி எழுப்பும் ஒலி, மண்டபத்தின் பாதித் தூரத்துக்குக்கூட எட்டாது. நடனமாடுகிறவர்கள் அதைக் காதால் கேட்பதைவிட மரத்தளத்தின் அதிர்வைக் காலால் உணர்ந்ததே அதிகம்.

இந்தக் குறையைத் தீர்த்தவர் இசைக் கலைஞரல்லர்; கலிபோர்னியாவில் வானொலிப் பெட்டி பழுதுபார்க்கும் கடை வைத்திருந்த லியோ பெண்டர். 1951-இல் அவர் விற்பனைக்குக் கொண்டுவந்த பிரிசிஷன் பேஸ் என்ற கருவியில் ஒலியைப் பெருக்கும் பெட்டியே கிடையாது. கனத்த மரப்பலகை ஒன்று. 34 அங்குலம் அதிரும் நான்கு தந்திகள். சரியான இடத்தில் விரல் விழுவதற்கு மெட்டுக்கள். தந்திக்கடியில் காந்தமும் அதைச் சுற்றிய மெல்லிய செப்புக் கம்பியும். தந்தி அசைந்தால் காந்தப்புலம் அசைகிறது. கம்பிச்சுருளில் மின்னோட்டம் பிறக்கிறது. மற்றதெல்லாம் வால்வுகளின் வேலை. அடுத்த ஆண்டே அதற்கென்று பேஸ்மன் என்ற ஒலிபெருக்கிப் பெட்டியையும் அவர் செய்தார். லண்டனில் ஜிம் மார்ஷல் தமது முதல் ஆம்ப்ளிபயரைச் செய்யும்போது முன்மாதிரியாக வைத்துக்கொண்டது இந்தப் பேஸ்மனைத்தான். ஆக, ராக் இசையின் பேரிரைச்சலுக்கெல்லாம் தாய்வீடு பேஸ்காரருடைய பெட்டி என்று சொல்லலாம். 1969-இல் ஆம்பெக் நிறுவனம் 300 வாட் சக்தியுள்ள எஸ்.வி.டி. என்ற ராட்சதப் பெட்டியைக் கொண்டுவந்தபோது, ஸ்ரீரங்கத்து வீணைக்காரர்கள் கூட்டத்தை விலக்கிச் சாதித்ததை மேல்நாட்டார் கூட்டத்தை அமுக்கிச் சாதித்தார்கள்.

இந்தச் சாதனங்கள் நம் நாட்டுக்கு வருவது அவ்வளவு சுலபமாக இருக்கவில்லை. 1957-இல் ஏற்பட்ட அந்நியச் செலாவணி நெருக்கடிக்குப் பிறகு, வெளிநாட்டு வாத்தியம் என்பது ஆடம்பரப் பொருளாகக் கருதப்பட்டு, லைசென்ஸும் சுங்கமும் அதைக் கைக்கெட்டாத உயரத்தில் வைத்துவிட்டன. கல்கத்தாவில் செய்த கிவ்சன் என்ற உள்நாட்டுக் கிட்டாரும், உள்ளூர் ரேடியோ மெக்கானிக் சொந்த மூளையைக் கொண்டு கட்டிக்கொடுத்த ஆம்ப்ளிபயரும் அந்தக் காலத்து இளைஞர்களுக்குப் போதுமானதாயின. கலிபோர்னியாவிலும் ரேடியோ மெக்கானிக்தான் இந்தக் கலையின் பிதா என்பதை நினைத்தால், நம்மவர்கள் வழி தவறிப் போய்விடவில்லை என்று தெரியும்.

தமிழ்க் காதுகளுக்குப் பேஸ் கிட்டாரை உண்மையில் பழக்கியது சினிமா. 1976-இல் அன்னக்கிளி வெளிவந்ததிலிருந்து, இளையராஜா தமது பாடல்களில் பேஸ் கிட்டாருக்கென்று தனியானதொரு சாகித்தியத்தையே சுரம் சுரமாக எழுதிக் கொடுத்தார்; சசிதரன் அதை ஆண்டுக்கணக்கில் வாசித்தார். பாடகர் மேலே ஒரு வழியில் போக, கீழே பேஸ் கிட்டார் எதிர்வழியில் நடந்து பல்லவியின் முடிவில் இருவரும் சந்திக்கும் அழகை, இசை இலக்கணம் அறியாத ரசிகனும் தன்னையறியாமல் தலையசைத்து அங்கீகரித்தான். பிற்பாடு ஏ. ஆர். ரஹ்மானின் பாடல்களில் கீத் பீட்டர்ஸ் வாசித்ததும் இவ்வாறே ஊரறிந்தது. ஸ்ரீரங்கமோ இந்தத் துறைக்கு வாத்தியக்காரரை விட்டுவிட்டுப் பாடலாசிரியர் வாலியைக் கொடுத்தது; சொல்லுக்குப் பஞ்சமில்லாத ஊர் அது.

இங்கே ஒரு விந்தை. சிறிய டிரான்சிஸ்டர் வானொலியால் 41 அதிர்வை எழுப்பவே முடியாது. ஆயினும் வயலோரத்தில் அதைக் கேட்டவன் பேஸ் கிட்டாரின் நடையை முணுமுணுத்தான். அடிநாதம் வராவிட்டாலும், அதன் இரட்டை, மும்மடங்கு அதிர்வுகள் வந்தால், விடுபட்டதை மூளையே கற்பித்து நிரப்பிக்கொள்ளும் தன்மை மனிதனுக்கு இருக்கிறது. கேட்காததைக் கேட்கச் செய்யும் இந்த உபகாரம் இல்லாவிட்டால், இளையராஜாவின் உழைப்பில் பாதி ஒலிப்பதிவுக் கூடத்தின் நான்கு சுவர்களுக்குள்ளேயே நின்றுபோயிருக்கும்.

மெல்லிசைக் குழுக்கள் ஊர் ஊராகச் சென்ற 1970-களிலும் 80-களிலும் அந்தச் சினிமாப் பாட்டு கோயில் திருவிழா மேடைக்கு வந்தது. டோலக், காங்கோ, கீபோர்டு ஆகியவற்றோடு பேஸ் கிட்டாரும் இருக்கும். ஆனால் மைக்செட்டுக்காரர் மரத்திலும் கம்பத்திலும் கட்டியிருந்தவை புனல் ஒலிபெருக்கிகள். சொற்பொழிவுக்காகவும் அறிவிப்புக்காகவும் பிறந்த அந்தப் புனல், 300 அதிர்வுக்குக் கீழே ஏறக்குறைய ஊமை. பேஸ் கிட்டாரின் தந்திகளில் மெல்லியதே 98 என்று முன்னமே கண்டோம். இரண்டு தெரு தள்ளிப் படுத்திருந்தவருக்குப் பாடகியின் குரல் காதைக் கிழித்தது. பேஸ்காரர் இரவெல்லாம் விரல் தேய வாசித்ததில் மேடைக்கருகே இருந்த பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்த சிறுவர்களுக்கு மட்டுமே பங்கு கிடைத்தது. திமிரி நாகஸ்வரக்காரர் இந்த ஏற்பாட்டைக் கண்டிருந்தால் சிரித்திருப்பார்.

1964-இல் துவாக்குடியில் தோன்றிய மண்டலப் பொறியியற் கல்லூரி, இன்றைய தேசியத் தொழில்நுட்பக் கழகம், 1975 முதல் நடத்திவரும் பெஸ்டெம்பர் விழா, திருச்சிக்கு ராக் மேடையை ஏற்படுத்தித் தந்தது. இறக்குமதிக் கட்டுப்பாடு தளர்ந்த பின் வந்த தலைமுறைக்கு ஐந்து தந்திக் கருவி சாதாரணம். அதன் ஐந்தாம் தந்தி 31 அதிர்வு வரை இறங்குகிறது. ஒலியைத் தட்டையாக்கவும் முறுக்கவும் காலால் மிதிக்கும் பெட்டிகள், கிட்டாரிலிருந்து நேரே கலவைப் பலகைக்குக் கம்பி கொண்டுசெல்லும் சிறு கருவி, ஆளுயர சப்-ஊபர் பெட்டிகள் என்று சாமான்கள் பெருகிவிட்டன. அதே சப்-ஊபர்கள் இப்போது கல்யாண ஊர்வலத்திலும் திருவிழாவிலும் வண்டியேறி வந்து, ஜன்னல் கண்ணாடிகளை ஆட்டுகின்றன. திறந்த வெளியில் கரைந்துபோன தாழ்ந்த ஒலி, போதிய சக்தி கிடைத்தவுடன், சுவரையும் கதவையும் லட்சியம் செய்யாமல் உள்ளே நுழையும் குணத்தைக் காட்டத் தொடங்கிவிட்டது.

இதைக் கட்டுப்படுத்துவதற்கு 2000-ஆம் ஆண்டின் ஒலிமாசு விதிகள் இருக்கின்றன. இரவு பத்து மணி முதல் காலை ஆறு மணி வரை ஒலிபெருக்கிக்குத் தடை. குடியிருப்புப் பகுதியில் பகலுக்கு 55 டெசிபெல், இரவுக்கு 45 என்று வரம்பு. ஆனால் அந்த டெசிபெல்லை அளக்கும் முறை மனிதச் செவியின் மந்தத்தைப் பின்பற்றி அமைக்கப்பட்டது. தாழ்ந்த அதிர்வுகளை அது பெருமளவு தள்ளுபடி செய்துவிட்டே கணக்கில் சேர்த்துக்கொள்கிறது. 40 அதிர்வில் அந்தத் தள்ளுபடி 34 டெசிபெல்லுக்கும் அதிகம். ஆகவே பேஸ் கிட்டாரின் கனத்த தந்தி ஒன்று மட்டும் 90 டெசிபெல் வலிமையோடு ஒரு வீட்டு வாசலில் வந்து மோதினாலும், அதிகாரியின் கையிலுள்ள கருவி காட்டுவது ஏறத்தாழ 55. பகல் நேரத்துக்கு அது சட்டத்தின் விளிம்பில்தான் நிற்கிறது.